பைண்டர் பதில்கள்: புத்தகத்துக்குள் நுழையும் கோஷ்டிக்கு

போன இதழில், பெங்களூர் அல்சூரில் என் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் நடக்கும் ஒரு விளையாட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஐந்தாறு பேர் பாய் விரித்து உட்கார்ந்து, எல்லோரும் ஏதோ ஒரு புத்தகத்துக்குள் போய் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரமாகவே பேசிப் பேசிக் கதையை நகர்த்துவார்கள். என் அக்கா பேத்தியும் அவள் சிநேகிதர்களும் ஆரம்பித்தது. வயசான ஆள் ஒருத்தர் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை பழைய புத்தகம் பாதுகாப்பது, கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது பற்றிய கேள்விகளுக்கெல்லாம் லீவு. முழுக்க முழுக்க ரோல்பிளேதான்.

நாங்கள் ஆறு பேர். எல்லோரும் ஒரே ஆபீஸ். புத்தகத்துக்குள் இருக்கும் உலகம் என்று கருவை முடிவு செய்துவிட்டோம். எங்களில் ஒருவன் அந்த உலகத்தின் வரலாறு, ராஜ வம்சம், வரைபடம், நாணயம் என்று எழுதிக்கொண்டே போகிறான். மாதக்கணக்கில் எழுதுகிறான். விளையாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. எங்கே தப்பு?
— ஐ.டி. ஊழியர், மாரத்தஹள்ளி

ஒரே ஆள் எழுதுகிறார் என்றீர்களே, அங்கேதான். அவர் எழுதுவது நாவல், தம்பி. நன்றாகவே இருக்கட்டும். தனியாக முடித்து ஏதாவது பதிப்பகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அரியணையில் யார், கஜானாவில் எவ்வளவு, மூணாவது மருமகன் எப்படிச் செத்தான் என்பதெல்லாம் முடிவாகிவிட்ட ஊரில் வந்து இறங்குகிற மற்ற ஐந்து பேருக்கு என்ன வேலை? சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம். புத்தக உலகம் என்று பேசுகிற எல்லோரும் இரண்டாவது நிமிஷமே புத்தகத்தை மறந்துவிட்டு உலகத்துக்குப் போய்விடுகிறார்கள். கோட்டை, காடு, மந்திரவாதி எல்லாம் எந்தக் கதையிலும் கிடைக்கும். உங்கள் உலகத்துக்கு என்று இருக்கிற ஒரே விசேஷம், அது ஒரு புத்தகத்தில் இருக்கிறது என்பதுதான். அந்தப் புத்தகம் எப்படிப்பட்டது? தைத்ததா, வெறுமனே பசை போட்டு ஒட்டியதா, சென்டர் பின்னா? எந்தப் பக்கம் காணோம்? யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது? யாராவது மூடி வைத்தால் உள்ளே இருக்கிறவர்களுக்கு ராத்திரியா? ஓரத்தில் பென்சிலால் எழுதினால் அது உள்ளே மழையாகப் பெய்யுமா, அசரீரியாகக் கேட்குமா? முதல் நாள் இதைப் பேசுங்கள். ராஜ வம்சம் தன்னால் வரும்.

பல வருஷம் அவென்யூ ரோடு சந்துக்குள் பைண்டிங் போட்ட கை என்னுடையது. அதனால் நான் சொல்கிற வழி கொஞ்சம் பைண்டர் வழியாகத்தான் இருக்கும். ஆறு ஏ4 தாள் எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். 24 பக்கம் கிடைக்கும். மேலிருந்து வரிசையாகப் பக்க எண் போட்டுவிட்டுத் தாள்களைப் பிரியுங்கள். இப்போது ஆளுக்கொரு தாள், சீட்டுக் குலுக்கி.

யாருக்கு எது போனது என்று பாருங்கள். வெளித்தாள் கிடைத்தவரிடம் 1, 2, 23, 24. அதாவது கதையின் வாசலும் கொல்லைப்புறமும் ஒரே ஆள் கையில். அதற்கு அடுத்தவரிடம் 3, 4, 21, 22. இப்படியே உள்ளே போனால், நடுத்தாள்காரரிடம் மட்டும் 11, 12, 13, 14 என்று தொடர்ச்சியாக நாலு பக்கம். எந்தத் தாளை விரித்து எந்தப் புறத்தைப் பார்த்தாலும் அதில் இருக்கும் இரண்டு பக்க எண்ணைக் கூட்டினால் 25 வரும். அச்சகத்தில் ஒரே தாளில் அச்சடித்து மடிக்கிற 16 பக்கத்துக்கு ஃபாரம் என்று பெயர். அங்கே தையல் மடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற எண்களைக் கூட்டினால் 17. மடித்து வைத்த ஃபாரம் சரியா என்று பார்க்க பைண்டருக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

இனி ஒவ்வொருவரும் தன் நாலு பக்கத்தில் பக்கத்துக்கு மூன்றே வரி. ஒரு இடம், ஒரு ஆள், ஒரு வழக்கம், இப்படி ஏதாவது. நாலில் ஒரு பக்கம் கண்டிப்பாகக் காலி. பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. எழுதி முடித்ததும் தைத்துவிட்டு, ஒருத்தர் சத்தமாக முதலிலிருந்து படியுங்கள். எங்கள் மாடியில் ஒரு பையன் 4-ம் பக்கத்தில் பெரிய உப்புச் சந்தை வைத்திருந்தான். வண்டி வண்டியாக உப்பு வந்து இறங்குகிற ஊர். அடுத்த தாள்காரி 5-ம் பக்கத்தில், 'இந்த ஊர்க் கடலில் உப்புக் கிடையாது, தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும்' என்று எழுதியிருக்கிறாள். படித்ததும் மாடியே அமளி. பையன் தன் வரியை அடிக்கப் போனான். அவன் கையைப் பிடித்து, 'அடிக்காதே, அப்ப சந்தைக்கு வர்ற உப்பு எங்கேர்ந்து வருது?' என்று கேட்டாள் பேத்தி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மழைக்காலம் முழுக்க ஓட்டினார்கள்.

அப்புறம் அந்த உலகத்தின் சட்டம். பள்ளிக்கூட நோட்டில் முன்பக்கம் ஒரு தாளைக் கிழித்தால் பின்பக்கம் இன்னொரு தாள் தானாகக் கழன்று விழுமே, ஞாபகம் இருக்கிறதா? வாத்தியாரிடம் அதனால்தானே மாட்டிக்கொள்வோம். அதையே சட்டமாக்குங்கள். 5, 6-ம் பக்கத்து ஊரை யாராவது கொளுத்தினால், 19, 20-ம் பக்கம் ஆட்டம் காணும். அங்கே என்ன இருக்கிறது என்று கொளுத்தியவனுக்குத் தெரியாது, இன்னும் அங்கே போயிருக்க மாட்டான். கத்தியை உருவும் முன் ஒவ்வொருத்தனும் 25-லிருந்து கழித்துப் பார்ப்பான். எங்கள் கூட்டத்தில் சண்டைப் பிரியன் ஒருவனை அடக்கியது இந்தக் கணக்குதான், என் அறிவுரை இல்லை.

உங்கள் வரலாற்று ஆசிரியருக்கு நடுத்தாளைக் கொடுத்துவிடுங்கள். தொடர்ச்சியாக நாலு பக்கம் கிடைத்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

இது 'டி அண்ட் டி' தானே? அதற்கு 20 முகம் உள்ள டைஸ் எல்லாம் வேண்டுமே. எங்களிடம் இல்லை.
— கல்லூரி மாணவி, கம்மனஹள்ளி

சித்தப்பா முறை என்று வைத்துக்கொள்ளலாம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு கையேடு. அதுவரை மேஜை மேல் பொம்மைப் படைகளை நகர்த்திப் போர் விளையாடிக்கொண்டிருந்தவர்களிடம், படையை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு ஆளைக் கொடுத்து 'இனி நீதான் இவன்' என்றார்கள். 1978-ல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர், கணினியில் பலர் ஒரே நேரத்தில் எழுத்தாலேயே நடமாடும் உலகம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். இன்று நீங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் 'நான் கதவைத் தட்டுகிறேன்' என்று டைப் அடிப்பதற்கெல்லாம் அவர்கள் முன்னோடி.

டைஸ் இல்லாவிட்டால் தாயக்கட்டை போதும். ஆனால் கதையே புத்தகத்துக்குள் நடக்கும்போது, அதிர்ஷ்டத்தையும் புத்தகத்திடமே கேட்கலாமே? நம் ஊரில் சைவர்கள் தேவாரச் சுவடியில் கயிறு சாத்திப் பார்ப்பார்கள். ஒரு காரியம் நடக்குமா என்று மனசில் நினைத்துக்கொண்டு, கட்டின் நடுவே கயிற்றை நுழைத்து, அது எந்த ஏட்டில் விழுகிறதோ அந்தப் பாட்டைப் படித்துக் குறி பார்ப்பது. அதைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். சாமி புத்தகம் வேண்டாம், வீட்டுப் பெரியவர்கள் முறைப்பார்கள். பழைய ரயில்வே கால அட்டவணை, சமையல் குறிப்பு, பஞ்சாங்கம் இப்படி ஏதாவது. 'நான் மதில் ஏறிக் குதிக்கிறேன்' என்றால் நூலை நுழை, திற, வலப்பக்கம் முதல் வரியைப் படி. சமையல் புத்தகம் 'மிதமான தீயில் மூடி வைக்கவும்' என்றது ஒரு நாள். மதிலேறிய பெண் அன்றைக்குப் பூராவும் பாதாள அறையில் கிடந்தாள். டைஸில் 14 விழுந்தால் 14 தான். இதில் வரிக்கு அர்த்தம் சொல்ல எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். அந்த ஐந்து நிமிஷம்தான் சுவாரசியமே.

ஏ.ஐ.யைக் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துகிற ஆளாக, வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக, காலிப் பக்கத்தைக் காலியாக விடச் சொல்லிப் பாருங்கள்.

என் பேரப்பிள்ளைகள் இப்படி விளையாடும்போது எப்போதும் ஆங்கில நாவல் உலகம்தான். மந்திரப் பள்ளி, டிராகன், மோதிரம். தமிழில் உள்ளே புகுந்து விளையாடும்படி புத்தகமே இல்லையா?
— ஓய்வு பெற்ற தமிழாசிரியை, மல்லேஸ்வரம்

அம்மா, இந்தக் கேள்வியை என்னிடம் நீங்கள் கேட்பதா? உங்களிடம் படித்தவர்கள்தான் எனக்குச் சொல்லித் தர வேண்டும். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

முழுசாக இருக்கிற புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அதில் எல்லாமே நடந்து முடிந்துவிட்டது. கதாநாயகன் யாரைக் கட்டுவான் என்று ஆசிரியர் முடிவு செய்துவிட்டார், ரசிகர்கள் காவலுக்கு நிற்கிறார்கள். தொலைந்துபோன புத்தகங்களைக் கொடுங்கள். நம்மிடம் அதற்குப் பஞ்சமே இல்லை.

ஐம்பெருங்காப்பியம் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதில் வளையாபதி நமக்குக் கிடைத்தது 72 பாட்டு. அதுவும் சுவடியாகக் கிடைத்ததா என்றால் இல்லை; புறத்திரட்டு என்ற தொகை நூலில் சேர்த்து வைத்தது, உரையாசிரியர்கள் போகிற போக்கில் மேற்கோள் காட்டியது, இப்படிப் பொறுக்கி எடுத்தது. கதை என்ன என்பதற்கே உறுதி கிடையாது. விளையாட இதைவிட வேறென்ன வேண்டும்? உங்கள் பேரப்பிள்ளைகள் வளையாபதி என்னும் நகரத்துக்குள் இறங்குகிறார்கள் என்று வையுங்கள். 72 வீடு மட்டும் நிற்கிறது, நடுவில் தெருவே இல்லை. ஒவ்வொரு வீடும் வேறு யாரோ ஒருவருடைய புத்தகத்துக்குள் குடியிருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக அந்த வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். உரையாசிரியர் ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, 'இலக்கணம் சொன்னால்தான் விடுவேன்' என்பார். உங்களுக்கு அந்தப் பாத்திரம் பொருந்தும்.

குண்டலகேசி கதை இன்னும் விசேஷம். மிஞ்சியது 19 பாட்டு. பௌத்த நூலான அதை மறுப்பதற்காகவே சமணர் தரப்பில் நீலகேசி எழுதப்பட்டது. இன்று குண்டலகேசியைப் பற்றி நமக்குத் தெரிவதில் ஒரு நல்ல பங்கு நீலகேசியும் அதன் உரையும் போட்ட பிச்சை. எதிராளியின் வாதத்துக்குள்ளே உயிர் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு புத்தகம்! இதில் வில்லன் யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நீலகேசியைக் கொன்றால் குண்டலகேசியும் போய்விடுவாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாதம் செய்தே தீர வேண்டும்.

மூன்றாவதாக, பெருங்கதை. கொங்குவேளிர் பாடியது, உதயணன் கதை. உ.வே.சா. 1924-ல் பதிப்பித்தபோது அவருக்குக் கிடைத்த சுவடியில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. இதற்கெல்லாம் மூலம் குணாட்டியர் பைசாச மொழியில் எழுதியதாகச் சொல்லப்படும் பிருகத்கதை. அதைப் பற்றிய கதை கதாசரித்சாகரம் என்ற வடமொழிக் கதைத் தொகுப்பில் வருகிறது. ஏழு லட்சம் சுலோகம், காட்டில் மை கிடைக்காமல் தன் ரத்தத்தாலேயே எழுதுகிறார். ராஜா வேண்டாம் என்கிறான். குணாட்டியர் நெருப்பு மூட்டி, ஒவ்வொரு ஏடாகப் படித்துப் படித்து நெருப்பில் போடுகிறார். கேட்க மிருகங்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன, மேய்ச்சலை மறந்து அழுகின்றன. அரண்மனைக்கு வருகிற இறைச்சி சத்தில்லாமல் வறண்டிருக்கிறதே என்று விசாரித்த ராஜா ஓடி வருவதற்குள் ஆறு லட்சம் சாம்பல். ஒரு லட்சம் மிச்சம்.

இதில் விளையாட்டை எங்கே வைப்பீர்கள்? என் தேர்வு, அந்த மிருகங்கள். எரிந்த ஆறு லட்சத்தையும் கேட்டவர்கள் அவர்கள். ஆளுக்கொரு மிருகமாகப் பாத்திரம் எடுக்கச் சொல்லுங்கள். மானுக்கு ஞாபகம் இருக்கிற கதை வேறு, நரிக்கு ஞாபகம் இருப்பது வேறு. யார் சொல்வது நிஜம் என்று ஒத்துப்பார்க்க ஏடு கிடையாது. எங்கள் மாடியில் இதை ஒருமுறை எடுத்தோம். ஒரு பெண் பிடிவாதமாக ஆமை வேஷம் எடுத்தாள். ஆமை தாமதமாக வந்ததால் கடைசி ஏடுகளை மட்டும்தான் கேட்டிருக்கிறது. எல்லோருக்கும் முடிவு வேண்டும், அவளிடம் மட்டும்தான் அது இருக்கிறது, அவளோ மெதுவாகப் பேசுகிற ஆமை. கூட்டத்தையே அழ வைத்துவிட்டாள்.

இன்னும் ஒரு சரக்கு, இராமபாணப் பூச்சி. பழைய ஏடு, பழைய புத்தகம் புரட்டியவர்களுக்கு அந்த ஓட்டைகள் தெரியும். ஏதோ ஒரு ஏட்டில் ஆரம்பித்து அடுத்தடுத்த ஏடுகளை ஊடுருவிக்கொண்டே போகும். உள்ளே இருக்கிறவர்களுக்கு அது சுரங்கப் பாதை. பத்து அத்தியாயத்தை ஒரே தாவலில் கடந்துவிடலாம். ஆனால் பூச்சி போன வழியில் இருந்த எழுத்தெல்லாம் அதன் வயிற்றில். அந்த வழியாகப் போகிறவர்கள் தங்கள் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டுத்தான் வெளியே வர முடியும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். மூன்று எழுத்துப் பெயர்க்காரர்கள் ரொம்ப யோசித்துத்தான் நுழைவார்கள்.

ஒரு கண்டிப்பு மட்டும். விளையாட்டில் பிள்ளைகள் புதுசாகக் கட்டிய பாட்டைப் பழைய பாட்டு என்று சொல்லி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடப் போகிறார்கள். அப்புறம் அது பட்டிமன்றத்துக்குப் போய்விடும்.

நமக்குப் பிடித்த எழுத்தாளரின் பாத்திரங்களை எடுத்து விளையாடினால் கேஸ் போடுவார்களா?
— வாசகர், கே.ஆர். புரம்

உங்கள் வீட்டு ஹாலில் விளையாடுவதைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. அதை எழுதிப் புத்தகமாகப் போட்டுக் காசு பார்க்க நினைத்தால்தான் சட்டம் எட்டிப் பார்க்கும். இந்தியாவில் பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுள் முழுக்க, அவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து மேலும் 60 வருஷம். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்கள் என்றால் அதற்கு முன்னாலேயே கை வைக்கலாம்.

என் மகனுக்கு 13 வயது. அபார்ட்மென்ட் பிள்ளைகளோடு இந்த விளையாட்டு. ஒரு நாள் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தான். புத்தகத்துக்குள் அவனைக் கட்டிப் போட்டு, 'உன்னை யாரும் தேட மாட்டார்கள்' என்று சொன்னார்களாம். நிறுத்திவிடவா?
— ஒரு தாய், ஜாலஹள்ளி

நிறுத்த வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து, விளையாட்டுக்கு முன்னால் ஒரு பேச்சு நடத்துங்கள். அனுபவமுள்ள கூட்டங்களில் கதை ஆரம்பிக்கும் முன் ஒரு நாள் பேச்சுக்கென்றே ஒதுக்குவார்கள். 'செஷன் ஜீரோ' என்று பெயர். எது கதையில் வரவே கூடாது, எது வந்தாலும் 'அப்புறம் விடிந்தது' என்று தாண்டிப் போய்விட வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. எங்கள் கூட்டத்தில் ஒருவன் 'நாய் சாகக் கூடாது' என்றான், அவ்வளவுதான், எங்கள் உலகத்தில் நாய்கள் சிரஞ்சீவி.

ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் கொண்டுவந்த 'எக்ஸ் கார்டு' என்று ஒன்று உண்டு. ஒரு அட்டையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு நடுவில் வைத்துவிடுவது. யாருக்காவது கதை போகிற போக்கு பிடிக்கவில்லையா, அதைத் தொட்டால் போதும். அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் திருப்ப வேண்டும். 'ஏண்டா பயந்தாங்கொள்ளி' என்று கேட்பவனுக்கு அன்றைக்கு ஆட்டம் கிடையாது. உங்கள் மகனிடமும் கேளுங்கள். அவன் விளையாட்டை விடச் சொல்கிறானா, அந்த ஒரு காட்சியை விடச் சொல்கிறானா? பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும்.

முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் விளையாடுவது வேறு விஷயம். 13 வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒரு நண்பன் கன்னடக்காரன், தமிழ் புரியும் அவ்வளவுதான். புத்தகத்துக்குள் நடக்கும் கதையில் படிக்கத் தெரியாதவர்கள் எப்படிச் சேர்வது?
— வாசகி, விவேக்நகர்

பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பாதிக் கூட்டம் இப்படித்தான். கன்னடமும் இங்கிலீஷும் எழுதுவார்கள், தமிழைக் காதால் மட்டும் வைத்திருப்பார்கள். அதைக் குறையாக நினைத்து அவர்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே இருந்தால் இரண்டாம் வாரம் வர மாட்டார்கள்.

எழுத்தாலேயே கட்டிய உலகம் அது. அங்கே எழுதி வைத்தது எல்லாம் நிஜமாகிவிடும் என்று சட்டம் போடுங்கள். 'உள்ளே வராதே' என்று பலகையில் எழுதியிருந்தால் படித்தவனால் கால் எடுத்து வைக்க முடியாது. படிக்கத் தெரியாதவன் பாட்டுக்கு நடந்து போவான்! சாபம், மந்திரம், ராஜாவின் கட்டளை ஓலை எதுவும் அவன் மேல் பலிக்காது. எங்கள் கூட்டத்தில் இதை அறிவித்த அன்று, நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருத்தி 'எனக்கும் தெரியாதுன்னு வச்சிக்கங்க தாத்தா' என்று கெஞ்சினாள். கன்னட நண்பனுக்குத் தனித் தாள் கொடுத்து அவன் எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தில் நாலு பக்கம் மட்டும் யாருக்கும் புரியாத எழுத்தில் இருக்கிறது, அந்த நாட்டு ஆள் அவன் ஒருவன்தான். வழிகாட்டி இல்லாமல் மற்றவர்கள் அங்கே நுழைய முடியாது.

ரிட்டயர் ஆன பிறகு இதில் சேர்ந்தேன். 'இந்த வயசில் விளையாட்டா' என்று மனைவி கேட்கிறாள்.
— வாசகர், ஆர்.டி. நகர்

வெளித்தாளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆரம்பமும் முடிவும் அவர் கையில் இருந்தால் நடுவில் நீங்கள் என்ன செய்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

கதையைப் பெங்களூரிலேயே ஆரம்பிக்க ஆசை. நுழைவாசல் எங்கே வைக்கலாம்?
— இரண்டு நண்பர்கள், இந்திராநகர்

கப்பன் பார்க்கில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், சிவப்புக் கட்டடம், 1915-ல் கட்டியது, உள்ளே மாநில மத்திய நூலகம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், அதனால் அதை மூன்றாவதாக வையுங்கள்.

என் பேட்டை என்பதால் சொல்கிறேன், அவென்யூ ரோடு. பழைய பெயர் தொட்டபேட்டை. பழைய பாடப் புத்தகம், நோட்டு, கணக்குப் பேரேடு என்று காகிதமாகவே வாழ்கிற தெரு. அது போய் முட்டுகிற கே.ஆர். மார்க்கெட் பக்கம்தான் 1905-ல் பெங்களூரின் முதல் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது. சிவனசமுத்திரத்திலிருந்து வந்த கரண்ட். அந்த விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் எழுத்து தெரிகிற ஒரு பேரேடு, நடைபாதைக் கடையில் எடைக்குக் கிடக்கிறது என்று ஆரம்பியுங்கள். பேரேடு என்பதால் உள்ளே கதை கிடையாது, கடன்தான். யார் யாருக்கு என்ன பாக்கி என்று வரி வரியாக. உள்ளே போகிறவர்கள் ஒருத்தருடைய பாக்கியைத் தீர்த்தால்தான் ஒரு பக்கம் புரளும்.

இன்னொரு இடம், அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை. 1991-லேயே தயாராகி, திறக்க முடியாமல் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நாங்கள் பார்த்தது கட்டி வைத்த மூட்டையைத்தான். அத்தனை வருஷமும் உள்ளே இருந்துகொண்டு அவர் என்ன எழுதியிருப்பார் என்று ஒரு சிறுமி எங்கள் மாடியில் கேட்டாள். அரசியலை விட்டுவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் எட்டுப் பேர் இருந்தோம். ரிலீஸ் வீக் என்கிறான் ஒருவன், சில்க் போர்டு டிராஃபிக் என்கிறான் இன்னொருவன். இப்போது மூன்று பேர். கதையை எப்படி நடத்துவது?
— வாசகர், பி.டி.எம். லே-அவுட்

வராதவர்களின் பாத்திரத்தைக் கொல்லாதீர்கள். கோபத்தில் எல்லோரும் செய்வது அதுதான். பிறகு அவன் திரும்பி வந்தால் உட்கார இடம் இருக்காது. புத்தக உலகத்தில் இதற்கு அழகான வழி இருக்கிறதே: வராதவன் இருக்கும் பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மழையில் நனைந்த புத்தகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. அவன் உள்ளே பத்திரமாக இருக்கிறான், வெளியே வர முடியவில்லை. அவன் வந்த அன்று பக்கம் பிரியும்.

மூன்று பேர் என்றால் கவலையே வேண்டாம், மூன்று பேர் நல்ல கணக்கு. ஆளுக்கு இரண்டு தாள் விழும். இடத்தை மட்டும் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள்.

கதை முடிந்தபின் அந்தத் தாள்களை என்ன செய்வது? நிரந்தரமாக பைண்ட் பண்ண முடியுமா? கடையில் கொடுத்தால் 'இவ்வளவு சின்னதா?' என்கிறார்கள்.
— பள்ளி மாணவி, தொம்மலூர்

கடைக்குப் போகாதே கண்ணு, நீயே தைக்கலாம். மடிப்பின் உள்பக்கம், நடுவில் ஒரு ஓட்டை, மேலும் கீழும் ஓரத்திலிருந்து இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி ஒவ்வொரு ஓட்டை. கோணி ஊசியோ காம்பஸ் முனையோ போதும். கொஞ்சம் தடித்த அட்டையை மேலே சேர்த்துக்கொள், அதிலும் அதே இடத்தில் ஓட்டை போடு. நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் சிக்காது.

உள்ளே இருந்து நடு ஓட்டை வழியாக வெளியே எடு. நூல் நுனி உள்ளே ஒரு சாண் நிற்கட்டும். வெளியே வந்த ஊசி மேல் ஓட்டை வழியாக உள்ளே. உள்பக்கம் நடுவைத் தாண்டி நேராகக் கீழ் ஓட்டைக்கு வந்து வெளியே. மறுபடி நடு ஓட்டை வழியாக உள்ளே. இப்போது இரண்டு நுனியும் உள்ளே இருக்கும். மேலிருந்து கீழே ஓடுகிற நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வரும்படி வைத்து முடிச்சுப் போடு. நடு ஓட்டையில் இரண்டாவது முறை போகும்போது ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள், அப்புறம் இறுகாது.

மேல் அட்டைக்குத் துணி ஒட்டுவதென்றால் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சு. கடைகளில் பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவோம். நீ போடாதே, அது விஷம். தைத்து முடித்து நூலை இறுக்கும்போது மடிப்பின் நீளவாக்கிலேயே இழு. தாளைவிட்டு மேலே தூக்கி இழுத்தால் ஓட்டை கிழியும்.